மேடு இறங்கி நிற்கும்வரை

ஓசூர்
10.3.2024

அன்புத் தங்கச்சி சரண்யாதேவிக்கு அண்ணன் ராஜபாண்டி எழுதுறது. இங்க நானும் உன் மதினி முத்துமீனாவும் பிள்ளை திவ்யாவும் நல்லபடியா இருக்கோம். நீ எப்படி இருக்கே, திருவாதவூர்ல அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையான்னு எழுது.

கையில போன் இருக்கும்போது இன்னும் என்ன லெட்டருன்னு உன் மதினி சிரிக்கிறா. நீ யுனிவர்சிட்டி ஹாஸ்டல்ல இருந்த காலத்துல எழுதிப் பழகினது, விட முடியல. போன்ல சாப்பிட்டியா தூங்குனியான்னு கேட்டதும் பேச்சு முடிஞ்சு போகுது. லெட்டருன்னா கம்பெனி பஸ்ல வச்சு ரெண்டு மூணு தடவை படிக்கலாம்.

ஒரு சந்தோஷமான சங்கதி. நாங்க சிப்ஸ் பாக்கெட்டுக்கு ரெண்டு பிலிமை ஒட்டுறோம்ல, அதுக்கு நடுவுல தடவுற பசை இம்புட்டு நாளும் வடக்க இருந்து வந்துக்கிட்டு இருந்துச்சு. நேத்து லாரியில வந்து இறங்குனது நீல டிரம். மேல மயில் படம், கீழ திருமங்கலம்னு அட்ரஸ். உன் கம்பெனியேதான். என்கூட அதே மெஷின்ல நிக்கிற கருப்புன்னு ஒரு தர்மபுரிக்காரன்கிட்ட, "இது என் தங்கச்சி காய்ச்சுன பசைடா"ன்னு காட்டுனேன். உன் தங்கச்சி அங்க சமையல்காரியான்னு கேலி பண்ணினான். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரின்னதும் வாயை மூடிக்கிட்டான்.

நம்ம வீட்டுல அடுத்தவன் வயல்ல குனியாம உக்காந்து பாக்குற வேலைக்குப் போன மொத ஆளு நீதான். அங்க நீ என்னதான் செய்யுறேன்னு எனக்குப் புரியுற மாதிரி எழுது. நாலு பேருகிட்டச் சொல்லணும்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அண்ணன் ராஜபாண்டி


நாகமலை புதுக்கோட்டை
24.3.2024

பிரியமுள்ள அண்ணனுக்கு சரண்யா எழுதுறேன். நான் சௌக்கியம். அம்மா சௌக்கியம்னு சொல்லுது, ஆனா படியில உக்காந்து உக்காந்துதான் ஏறுது. மதினியையும் திவ்யாவையும் கேட்டதாச் சொல்லு. யுனிவர்சிட்டிக்கு எதிர்த்தாப்ல பழைய ரூம்லதான் இன்னும் இருக்கேன். காலையில கம்பெனி வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போகுது.

நான் காய்ச்சுறதில்லை அண்ணே. காயுறதைப் பாத்துக்கிட்டு இருக்கிறதுதான் என் வேலை. ரியாக்டர்னு ஒரு பெரிய எஃகு அண்டா. அதுல எண்ணெய் மாதிரி ஒரு சரக்கையும் ஐசோசயனேட்டுன்னு ஒண்ணையும் ஊத்திச் சூடாக்கிக் கலக்குவாங்க. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு நீளமாகும். அதுதான் பசை. வெந்திருச்சா வேகலையான்னு வெளிய இருந்து பாத்தாத் தெரியாது. எப்பப் பாத்தாலும் தேன் மாதிரியேதான் இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் என் மெஷின். அண்டாவுக்குள்ள குழாய் மாதிரி ஒரு புரோப் இறங்கி நிக்குது. நுனியில பொட்டளவு வைரம். அது வழியா அகச்சிவப்பு ஒளி போய்ப் பசையைத் தொட்டுட்டுத் திரும்பி வரும். நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஒவ்வொரு சரக்கும் அதுல தனக்குப் பிடிச்ச பங்கை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை அனுப்பிரும். எது எம்புட்டு எடுத்துச்சுன்னு கம்ப்யூட்டர்ல கோடா வரையும். அந்தக் கோட்டுல ஐசோசயனேட்டுக்குன்னு ஒரு இடத்துல மேடு நிக்கும். ஆரம்பத்துல நம்ம யானைமலை மாதிரி இருக்கும். சேரச் சேர இறங்கிக்கிட்டே வந்து, ஒரு மட்டத்துல அசையாம நின்னுரும். நின்னாத்தான் வெந்ததா அர்த்தம். நான் "சரி"ன்னு கையெழுத்துப் போட்டதும் வால்வைத் திறந்து டிரம்முல பிடிப்பாங்க.

நாள் முழுக்க அந்த மேடு இறங்குறதைப் பாத்துக்கிட்டு இருக்கேன். சிரிக்காத. மனசுக்கு நிறைவா இருக்கு. அது நீ நிக்கிற இடத்துக்கு வருதுன்னு தெரிஞ்சப்புறம் இன்னும் நல்லா இருக்கு.

உடம்பைப் பாத்துக்கோ.
சரண்யா


ஓசூர்
16.6.2024

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுறது. எல்லாரும் சுகம். உன் லெட்டர் வந்து ரொம்ப நாளாச்சு, வேலை கழுத்தைப் பிடிக்குது, கோவிச்சுக்காத. அந்த யானைமலைக் கதையை டீக்கடையில அம்புட்டுப் பேருக்கும் சொல்லிட்டேன். இப்ப டிரம் வந்தா "மலை இறங்கிருச்சா"ன்னுதான் கேக்குறானுக.

கருப்பு வேலையை விட்டுட்டான். சித்திரையில இருந்தே அவனுக்கு இருமல். நெஞ்சுக்குள்ள விசில் அடிக்கிற மாதிரி சத்தம். டாக்டர் சளின்னு சொல்லி டானிக் கொடுத்தாரு. ஊருக்குப் போனா சரியாயிருது, வேலைக்கு வந்தாத் திரும்ப வந்துருது. கடைசியில பெட்டியைக் கட்டிக்கிட்டு தர்மபுரிக்கே போயிட்டான். அவனுக்குப் பதிலா ஆள் போடல. மெஷினோட ரெண்டு பக்கமும் நானே பாக்குறேன்.

ஹால்ல புழுக்கம் தாங்கல. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டா வெளித் தூசி வந்து பிலிம்ல ஒட்டுதுன்னு சூப்பர்வைசர் அமத்தி வச்சிட்டாரு. ரோலர் சூட்டுல பசையில இருந்து லேசா ஒரு வாடை வருது, பழகிருச்சு. எனக்கும் கொஞ்சம் சளிதான். ஓசூர் குளிரு உனக்குத் தெரியும்ல.

அம்மாவைப் போய்ப் பாத்தியா? வெயில்ல அலையாத.

உன் அண்ணன்
ராஜபாண்டி


நாகமலை புதுக்கோட்டை
7.7.2024

அண்ணனுக்கு சரண்யா. அம்மா நல்லா இருக்கு, நானும் நல்லா இருக்கேன். உன் சளி போச்சா?

உனக்குப் போன லெட்டர் எழுதின கையோட இங்க நிலைமை மாறிப் போச்சு. புதுசா புரொடக்‌ஷன் மேனேஜரா சித்தார்த்னு ஒருத்தர் வந்திருக்கார். முதலாளிக்குச் சொந்தக்காரர். ஆர்டர் குவியுது, அண்டா ஒண்ணுதான். ஒரு காய்ச்சல் முடிஞ்சாத்தான் அடுத்தது. அதனால மேடு நிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், பாதிக்குக் கீழ இறங்குனதும் பிடிச்சிரலாம்ங்கிறார். இன்னும் ரெண்டு மணி நேரம் வேகணும் சார்னு சொன்னேன். ஒட்டாமப் போச்சுன்னு எவனாவது சொல்லியிருக்கானா, காட்டுன்னார். அவர் சொல்றதும் நிஜம்தான். வேகாத பசையும் ஒட்டும். ஒட்டுறதுல குறை தெரியாது.

ஆனா சேராம நின்னுபோன ஐசோசயனேட்டு அப்படியே டிரம்முக்குள்ள போகுது. சூடு பட்டா ஆவியா மேல வரும். அதைச் சுவாசிச்சா எல்லாருக்கும் ஒண்ணும் ஆகாது. சில பேர் உடம்பு மட்டும் அதைப் பகையா எடுத்துக்கும். அப்புறம் அது கொஞ்சம் பட்டாலும் மூச்சுக்குழாய் இறுகிப் போகும். நீ எழுதின கருப்பு விஷயத்தைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு சரியில்லை. ஊருக்குப் போனா சரியாகுது, வேலைக்கு வந்தாத் திரும்புதுன்னா அது சளி இல்லை அண்ணே. அவன் விட்டுட்டுப் போனது நல்லது. அவன் இனிமே எந்தப் பசைக் கம்பெனி வாசலையும் மிதிக்கக் கூடாது, எப்பவாவது பாத்தாச் சொல்லு.

உங்க ஹால்ல ஃபேனைப் போடச் சொல்லு. உனக்கு அந்த மாதிரி ஏதாவது இருக்கா? உண்மையா எழுது.

நான் இதுவரைக்கும் கையெழுத்துப் போடாமத் தள்ளிக்கிட்டு வாரேன். போடாட்டியும் டிரம் போகுது, சித்தார்த் சார் போட்டுக்கிறார். தீபாவளிக்கு என்னை நிரந்தரம் பண்றதா இருந்தாங்க. அது நடக்குமான்னு தெரியல.

சரண்யா


நாகமலை புதுக்கோட்டை
5.8.2024

அண்ணே, ஒரு மாசம் ஆகப் போகுது, பதில் இல்லை. போனும் எடுக்க மாட்டேங்கிற. ஞாயித்துக்கிழமை உன் குரலைக் கேக்கலாம்னு அம்மா போனை மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு. ரெண்டு வரியாவது எழுது.
சரண்யா


ஓசூர்
25.8.2024

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுறது. எல்லாரும் நல்லா இருக்கோம். போன்ல மைக் கெட்டுப் போச்சு. நான் பேசுறது அந்தப் பக்கம் கேக்காது. அதான் எடுக்கல, வேற ஒண்ணும் இல்லை. அம்மாகிட்டச் சொல்லு.

உன் லெட்டரைப் படிச்சேன். பல தடவை படிச்சேன். மேனேஜர்கிட்ட மல்லுக்கு நிக்காத பாப்பா. அவுக பெரிய இடம். உன் கையெழுத்து இல்லாட்டியும் டிரம் போகுதுன்னு நீயே எழுதியிருக்கே. அப்புறம் நீ எதுக்கு முட்டி மோதி வேலையைக் கெடுத்துக்கிறே? நீ படிச்சு முடிச்ச அன்னைக்கு அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு நடந்துச்சே, ஞாபகம் இருக்கா. நிரந்தரம் ஆகட்டும். ஆனப்புறம் பேசிக்கலாம்.

ஒண்ணு மட்டும் கேக்கணும். கருப்புக்கு விடியக்காலம் ஆனா இருமல் பிடிச்சுக்குது. எந்திரிச்சு உக்காந்து முன்னால குனிஞ்சாத்தான் மூச்சு வருது. ஞாயித்துக்கிழமை பரவாயில்லை, திங்கக்கிழமை சாயந்திரம் வந்துருது. மாடிப்படி ஏறுனா நடுவுல நிக்க வேண்டியிருக்கு. இதுக்கு மாத்திரை ஏதாவது இருக்கா? வேலையை விடாமலே சரி பண்ண வழி இருக்கான்னு எழுது. அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கு.

உன் அண்ணன்
ராஜபாண்டி


நாகமலை புதுக்கோட்டை
28.8.2024

அண்ணே,

கருப்பு வேலையை விட்டு தர்மபுரிக்குப் போயிட்டான்னு ஆனியில நீதான் எழுதினே. ஊர்ல இருக்கிறவனுக்குத் திங்கக்கிழமை சாயந்திரம் ஏன் இருமல் வருது?

லெட்டரைப் படிச்சதும் மதினி போனுக்குக் கூப்பிட்டேன். நீ தூங்குறேன்னாங்க. பின்னால இருமல் கேட்டுச்சு. மதினி போனை மூடிப் பிடிச்சாங்க, அப்பவும் கேட்டுச்சு. ரெண்டு வார்த்தை சேந்தாப்ல பேச முடியாமத்தான் மைக் கெட்டுப் போச்சுன்னு எழுதினியா?

இது கையில கிடைச்சதுல இருந்து அந்த ஹாலுக்குள்ள போகாதே. லீவு சொல்லு, சண்டை போடு, என்ன வேணாப் பண்ணு, போகாதே. இதை ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புறேன். ஞாயித்துக்கிழமை காலையில பஸ்ஸை விட்டு இறங்கி நானே வாரேன்.

சரண்யா


ஓசூர்
22.9.2024

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுறது. மதினி, திவ்யா சுகம். நானும் சுகம்னு இந்தத் தடவை மனசார எழுதலாம் போல இருக்கு.

நீ வந்து கூட்டிக்கிட்டுப் போன டாக்டர் கொடுத்த மருந்து டப்பாவை வாயில வச்சு விடாம இழுக்குறேன். நீ சூப்பர்வைசர்கிட்டப் பேசிட்டுப் போனதுல என்னைக் குடோனுக்கு மாத்திட்டாங்க. ரோலை எண்ணி லாரியில ஏத்துற வேலை. பிலிம் ஒட்டுற லேமினேஷன் ஹால் அந்தக் கடைசியில, நான் இந்தக் கடைசியில. விடியக்காலம் இருமல் இல்லை. நேத்து திவ்யாவைத் தோள்ல தூக்கிக்கிட்டு மாடி ஏறிட்டேன். அவ இறங்க மாட்டேன்னு அடம் பிடிச்சா.

டாக்டர் உன்கிட்ட இங்கிலீஷ்ல பேசினது எனக்குப் பாதி புரிஞ்சுச்சு. இனி ஒரு தடவை கூட அந்த வாடை படக் கூடாதுன்னாரு, அதானே? பஸ் ஸ்டாண்டுல நீ திரும்பத் திரும்ப அதையே சொன்னே. சரின்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேன். கவலைப்படாத.

உன் முகத்தைப் பாக்கத்தான் எனக்குக் கூச்சமா இருந்துச்சு. ஏன்னு கேக்காத.

நீ சாப்பிடாம மெலிஞ்சு போயிருக்கேன்னு மதினி சொல்றா.

அண்ணன் ராஜபாண்டி


நாகமலை புதுக்கோட்டை
6.10.2024

அண்ணனுக்கு சரண்யா. குடோனுக்கு மாறினதுல அம்மாவுக்கு உசிரு திரும்பி வந்திருச்சு. நேத்து நீ போன்ல பேசினதைக் கேட்டுட்டு, பழைய குரலா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

நான் வேலையை விட்டுட்டேன். போன்ல சொன்னா நீ திட்டுவேன்னு எழுதுறேன்.

ஓசூர்ல இருந்து வந்த மறுநாளே சித்தார்த் சார்கிட்டப் போய் நின்னேன். நம்ம டிரம்மால எங்க அண்ணனுக்கு மூச்சு விட முடியாமப் போச்சு சார்னு சொன்னேன். வருத்தமாத்தான் கேட்டார், அவரையும் சும்மா சொல்லக் கூடாது. தண்ணி கொடுத்தார். அப்புறம், "ஃபேன் போடாதது அவங்க தப்பும்மா, நம்ம தப்பு இல்லை"ன்னார். அரசாங்க ஆபீஸ் ஒண்ணுக்குப் புகார் அனுப்பினேன். ஒரு ஆபீசர் வந்தார். அவர் வாரது முன்கூட்டியே தெரிஞ்சு போச்சு. அன்னைக்குக் காய்ச்சினது மட்டும் மேடு இறங்கி நிக்கிற வரைக்கும் நிதானமா வெந்துச்சு. அவர் திரையைப் பாத்தார், சரியா இருக்குன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டார். அவர் பாத்த அளவுல அது சரிதான்.

மறுநாளே தீபாவளி ஆர்டருக்காக இன்னும் சீக்கிரமா இறக்கச் சொன்னாங்க. நான் எந்திரிச்சு வந்துட்டேன். அந்த மெஷினைப் படிக்க அங்க வேற யாருக்கும் தெரியாது. நான் இல்லாட்டி அது நின்னுரும். நின்னா வாங்குற கம்பெனிக்காரங்க டிரம்மோட வர வேண்டிய கோட்டுத் தாள் எங்கேன்னு கேப்பாங்க. அப்படியாவது வழிக்கு வருவாங்கன்னு நினைக்கிறேன். எனக்கு வேற வேலை கிடைக்கும், நீ மனசைப் போட்டு அலட்டிக்காத.

மருந்தை விட்டுராத. தீபாவளிக்கு எல்லாரும் திருவாதவூருக்கு வாங்க.

சரண்யா


ஓசூர்
8.12.2024

சரண்யாவுக்கு மதினி முத்துமீனா எழுதிக்கொள்வது. நானும் திவ்யாவும் இருக்கோம். அத்தைக்கு இப்பவாவது சோறு இறங்குதா? நீ பக்கத்துல இருந்து பாத்துக்கோ.

எனக்கு லெட்டர் எழுதிப் பழக்கம் இல்லை. அன்னைக்குத் திருவாதவூர்ல அம்புட்டுக் கூட்டத்துக்கு நடுவுல உன்கிட்ட ஒண்ணும் சொல்ல முடியல. நீயும் கேக்கல. உனக்குத் தெரியணும்னு தோணுச்சு.

தீபாவளிக்கு முந்தின வாரம். மெஷின்ல நின்ன ஆளு வரல. லாரி வாசல்ல நிக்குது. சூப்பர்வைசர் குடோனுக்கு வந்து, ஒரே ஒரு ரோல் மட்டும் ஓட்டிக் கொடுத்துட்டுப் போ பாண்டின்னு கேட்டிருக்காரு. உங்க அண்ணன் மாட்டேன்னுதான் சொல்லியிருக்காரு. சூப்பர்வைசர் விடல. வேற யாருக்கும் அந்த மெஷினை ஓட்டத் தெரியாதுன்னு கெஞ்சியிருக்காரு. உங்க அண்ணன் துண்டை மூக்குல கட்டிக்கிட்டுப் போயிருக்காரு. டிரம் அன்னைக்குக் காலையில வந்து இறங்குனதாம். ரோல் பாதி கூட ஓடல, மெஷினை அமத்திட்டு வெளிய வந்து சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாராம். மருந்து இழுக்குற டப்பா குடோன்ல சட்டைப் பையில இருந்துச்சு. யாரோ ஓடிப்போய் எடுத்து வந்தாங்க. அதை இழுக்கக்கூட மூச்சு இல்லைன்னு சொன்னாங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். வேகாத பசையைப் பத்தி நீ ஆனியில எழுதின லெட்டரைப் படிச்ச அன்னைக்கே அவருக்குத் தெரிஞ்சு போச்சு, தனக்கு வந்திருக்கிறது என்னன்னு. சரண்யாகிட்டச் சொல்லுங்கன்னு நானும் அழுதேன். "அவ பாத்து அனுப்புற டிரம்முல இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா, அவ அந்த நாற்காலியில உக்காருவாளா?"ன்னு கேட்டாரு. உன்மேல வருத்தப்பட்டுச் சொல்லல. அவருக்கு உன்மேல அம்புட்டுப் பாசம்.

இப்ப இதை எழுத வந்த காரியம் வேற. கம்பெனியில எனக்கு வேலை தாரேன்னு சொல்லியிருக்காங்க. குடோன்ல இடம் இல்லை, லேமினேஷன் ஹால்லதான். பொங்கல் கழிச்சு வரச் சொல்றாங்க. ஊருக்கு வந்துருங்கன்னு எழுதாத. அங்க வந்து நான் என்ன செய்ய? நடவுக்கும் களையெடுக்கவும் யாரு வீட்டு வாசல்லயாவது போய் நிக்கணும். திவ்யாவையும் கூட்டிக்கிட்டுப் போய் நிறுத்தணும். அதுல இருந்து தப்பிக்கத்தான் உங்க அண்ணன் எங்களை இம்புட்டு தூரம் கொண்டாந்தாரு. இங்க அவ நல்ல பள்ளிக்கூடத்துல படிக்கிறா.

நான் உங்க அண்ணன் இல்லை, எனக்கு ஒத்துக்காமப் போகணும்னு ஒண்ணும் இல்லைல? எல்லாருக்கும் வராதுன்னு நீயே எழுதியிருந்தே. எதைப் பாத்து நடந்துக்கணும்னு மட்டும் சொல்லு.

மயில் டிரம்தான் இப்பவும் வருது.

முத்துமீனா


திருமங்கலம்
29.12.2024

அன்புள்ள மதினிக்கு சரண்யா எழுதுறேன். அம்மாவைத் திருமங்கலத்துல நான் எடுத்திருக்கிற ரூமுக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டேன். நான் பக்கத்துல உக்காந்தாச் சாப்பிடுது. திவ்யாவுக்கு என் அன்பைச் சொல்லுங்க.

உங்க லெட்டர் வந்ததும், போகாதீங்கன்னு எழுத உக்காந்தேன். கிழிச்சுட்டேன். போகாம இருக்க நான் உங்களுக்கு ஒண்ணும் ஏற்பாடு பண்ணி வைக்கல. வேற வேலை தேடிக்கிட்டு இருந்தேன், எதுவும் அமையல.

போன வாரம் திரும்பக் கம்பெனிக்கே போனேன். நான் இல்லாட்டி மெஷின் நின்னுரும்னு நினைச்சேன்ல, அது நிக்கவே இல்லை. ஒரு சின்னப் பொண்ணை வேலைக்கு எடுத்திருந்தாங்க. அவளுக்கு அந்தக் கோட்டைப் படிக்கத் தெரியாது. காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டிருக்கா. நான் இருந்தப்போ என்னால முடிஞ்ச அளவுக்காவது இழுத்துப் பிடிச்சேன். நான் வெளிய வந்தப்புறம் அதுவும் இல்லை. அண்ணன் திறந்த அந்த டிரம் எந்த வாரம் காய்ச்சினதுன்னு நான் யாருகிட்டயும் கேக்கல. கேட்டாத் தெரிஞ்சு போயிரும்.

சித்தார்த் சார் எந்திரிச்சு நின்னு பேசினார். அண்ணனுக்காக ரொம்ப வருத்தம்னார். அப்புறம், "திரும்ப வந்தா நான் சொல்ற நேரத்துக்குக் கையெழுத்துப் போடணும்"னார்.

"போடுறேன் சார்"னு சொன்னேன்.

பழைய நாற்காலியில உக்காந்தேன். மொத நாள் மேடு இன்னும் இறங்கிக்கிட்டு இருக்கு, ஆபரேட்டர் வால்வுல கை வச்சிட்டார். புரோப் நுனியில பசை படிஞ்சு கெட்டியாயிருச்சு, இப்பத் தெரியுற கோடு பொய், வெளிய இழுத்துத் துடைக்காம நான் கையெழுத்துப் போட்டா வாங்குறவன் சரக்கைத் திருப்பி அனுப்பிருவான்னு சொன்னேன். நுனி சுத்தமாத்தான் இருந்துச்சு. வெளிய இழுத்து, துடைச்சதையே துடைச்சு, திரும்ப மாட்டி, மெஷின் நிலைக்கு வரணும்னு உக்காந்திருந்தேன். அதுக்குள்ள மேடு இறங்கி நின்னுருச்சு. சித்தார்த் சார் என்னையே பாத்தார். அதுக்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

இதையே தினமும் சொல்ல முடியாது. நாளைக்கு வேற பொய் வேணும், யோசிச்சு வச்சிருக்கேன். சில நாள் எதுவும் பலிக்காது. அன்னைக்கு டிரம் அப்படியேதான் கிளம்பும், நானும் கையெழுத்துப் போடுவேன். ஒரு நாள் கண்டுபிடிச்சு என்னை வெளிய அனுப்புவாங்க. அதுவரைக்கும் இருப்பேன்.

நீங்க கேட்டதுக்குப் பதில் இது. வெந்து முடிஞ்ச டிரம்மோட மூடிக்குக் கீழ வெளிப்பக்கம் வெள்ளைப் பெயின்ட்டுல ஒரு சின்னக் கோடு இழுத்து விடுறேன். திறக்குறதுக்கு முன்னால பாருங்க. கோடு இருந்தாலும் ஃபேன் ஓடுதான்னு பாத்துட்டு நில்லுங்க. கோடு இல்லாட்டி வெளிய போயிருங்க. தலைவலின்னு சொல்லுங்க, பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லுங்க. யாரு கெஞ்சினாலும், ஒரே ஒரு ரோல்னு சொன்னாலும் நிக்காதீங்க. கோடு போட்ட டிரம் எத்தனை வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது மதினி.

வாராவாரம் எனக்கு எழுதுங்க. நல்லா இருக்கேன்னு எழுதாதீங்க. படி ஏறும்போது எங்கயாவது நின்னீங்களா, விடியக்காலம் முழிப்பு வந்துச்சா, அதை எழுதுங்க.

சரண்யா